கொச்சி யூதரும் செங்கொடி ஆட்சியும்

ஐதராபாத், செகந்திராபாத் இரட்டை நகரங்களில் வாழும் தமிழ்க் குடும்பத்தார்க்குப் பொதுவுடைமை என்னும் சொல் காதில் விழுந்ததும் முதலில் நினைவுக்கு வருவது தெலங்கானாப் போராட்டமே. 1946 முதல் 1951 வரை நல்கொண்டா, வாரங்கல் மாவட்டங்களில் உழவர் ஆயுதம் ஏந்திய வரலாற்றை இங்குள்ள முதியோர் வாயிலாக நம்மிற் பலர் கேட்டறிந்துள்ளோம். அதனை அடுத்து மாஸ்கோவும் பீகிங்கும் மனக்கண் முன் எழும். இவற்றினும் வேறானதொரு பொதுவுடைமை ஆட்சி நம் தென்னாட்டிலேயே தோன்றியது. 1957ஆம் ஆண்டு ஏப்ரல் 5 அன்று ஈ. எம். எஸ். நம்பூதிரிப்பாடு அவர்கள் தலைமையில் கேரளத்தில் பதவி ஏற்ற அமைச்சரவை, மக்கள் வாக்குச்சீட்டால் ஆட்சிக்கு வந்த பொதுவுடைமை அரசுகளுள் உலகிலேயே முன்னோடியாக வைத்து எண்ணப்படுவது. அவ்வாட்சியின் நிழலில் வாழ்ந்த மிகச் சிறியதொரு சமுதாயத்தின் நிலையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். அச்சமுதாயம் கொச்சி யூதர் சமுதாயம்.

கொச்சி மட்டாஞ்சேரியில் உள்ள யூதர் தெருவைக் கண்டு வந்தோர் பலர், ‘அங்கே யூதரே இல்லையே, எங்கே போனார்கள்?’ என்று வினவுவதுண்டு. உடனிருப்போர் ஒருவர், ‘கம்யூனிஸ்டு ஆட்சி வந்தது, நிலத்தைப் பிடுங்கியது, அவர்கள் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள்’ என்று விடை கூறிவிடுவார். கேட்டவரும் அமைதி அடைவார். அலுவலகங்களிலும் திருமணப் பந்திகளிலும் இவ்விடையை நாம் கேட்டிருக்கிறோம். கோப்புகளோடு வாழ்நாளைக் கழிக்கும் எம் போன்றோர்க்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தத் தாள் கைக்கு வந்தாலும் அதில் எழுதியிருப்பதைப் படிக்குமுன் தேதியைப் பார்ப்போம். யூதர் வெளியேற்றம் பற்றிய செய்தியிலும் தேதியைப் பார்த்தல் நன்று.

கொச்சி யூதரை ஒரே கூட்டமாகக் கருதுதல் பிழை. பன்னெடுங்காலம் முன்பே சேர நாட்டுக் கரையில் குடியேறி, மாளை, சேந்தமங்கலம், பறவூர், எறணாகுளம், மட்டாஞ்சேரி ஆகிய இடங்களில் பரவி வாழ்ந்தோர் மலபாரி யூதர். அவர்களே பெரும்பான்மையோர். பதினாறாம் நூற்றாண்டு தொடங்கி ஸ்பெயின், போர்ச்சுகல், சிரியா முதலிய நாடுகளிலிருந்து வந்து மட்டாஞ்சேரியில் தங்கியோர் பரதேசி யூதர். எண்ணிக்கையிற் சிறியோர், செல்வத்திற் பெரியோர். சுற்றுலாச் செல்வோர் காணும் பரதேசிப் பள்ளி 1568-இல் கொச்சி மன்னர் அளித்த நிலத்தில், அரண்மனையை ஒட்டி எழுந்தது. 1662-இல் போர்த்துகீசியர் அதனைத் தீக்கிரையாக்கினர். மறு ஆண்டு ஒல்லாந்தர் கொச்சியைக் கைப்பற்றியபின் மீண்டும் கட்டப்பட்டது. ஒல்லாந்தக் கம்பெனியின் தலைமை வணிகராக விளங்கிய எசக்கியேல் ரகாபி 1760-இல் மணிக்கூண்டு எழுப்பினார். தரையில் பதித்துள்ள நீலமும் வெண்மையும் கலந்த சீனத்து ஓடுகளும் அக்காலத்தனவே.

‘பள்ளி’ என்னும் சொல்லைக் கவனித்தல் வேண்டும். யூதர் தொழுமிடத்தையும், கிறித்தவர் தொழுமிடத்தையும், முஸ்லிம்கள் தொழுமிடத்தையும் ஒரே சொல்லால் குறிப்பது மலையாள வழக்கு. நம் ‘பள்ளிவாசல்’ இதற்கு உடன்பிறப்பு. அப்பள்ளியினுள் செல்வோர் செருப்பைக் கழற்றி வைத்தே செல்வர். உலகின் பிற யூதரிடம் பொதுவாகக் காணப்படாத இவ்வழக்கம் நம் மண் தந்தது. சில ஆண்டுகளுக்கு முன் விடுப்புப் பயணச் சலுகையில் குடும்பத்தாருடன் செகந்திராபாத்திலிருந்து சபரி விரைவு வண்டியேறி எறணாகுளம் சென்றபோது, எம் வீட்டுப் பிள்ளைகள் செருப்பை வாசலில் விட்டபடியே, ‘இதுவும் கோயில்தானா?’ என்று கேட்டனர். ஆம் என்று சொல்வதில் எமக்குத் தயக்கம் ஏதும் தோன்றவில்லை.

தமிழர்க்கு இச்சமுதாயத்தோடு உள்ள உறவு செருப்போடு நின்றுவிடுவதன்று. பரதேசிப் பள்ளியில் போற்றிக் காக்கப்பட்டு வந்த செப்பேடு, சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், யோசேப்பு ரப்பான் என்னும் யூதத் தலைவனுக்கு அளித்தது. யூதர் மரபுவழிச் செய்தி அதனைக் கி.பி. 379 என்று கூறினும், எழுத்தமைதியையும் மன்னன் காலத்தையும் ஆய்ந்த அறிஞர் ஏறத்தாழ கி.பி. 1000 என்றே கொள்வர். முயிரிக்கோட்டிலிருந்து வழங்கப்பட்ட அச்சாசனம் வட்டெழுத்தில் உள்ளது. அதன் மொழி தமிழும் மலையாளமும் தனித்தனியே பிரிந்து நிற்காத நாளைய மொழி. பல்லக்கு, குடை, முரசு, பகல்விளக்கு, தோரணம் முதலிய 72 சிறப்புரிமைகளும், அஞ்சுவண்ணம் என்னும் வணிகக் குழுவின் உரிமையும் அதில் அளிக்கப்பட்டன. அஞ்சுவண்ணம் என்ற பெயர் கி.பி. 849-ஐச் சார்ந்த கொல்லத்துத் தரிசாப்பள்ளிச் செப்பேட்டிலும் உண்டு. அங்கே சாட்சியாகக் கையொப்பமிட்டோருள் சிலர் எபிரேய எழுத்தில் எழுதியுள்ளனர். தமிழ்நாட்டுக் கடற்கரைக் கல்வெட்டுகளிலும் அப்பெயர் வருகிறது. 2017 சூலையில் இஸ்ரேல் சென்ற இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி அவர்கள், அந்நாட்டுப் பிரதமருக்கு அளித்த பரிசு இக்கொச்சிச் செப்பேடுகளின் படியே. எருசலேம் சென்று சேர்ந்த அந்த வட்டெழுத்தைத் தமிழ்ப் பிள்ளைகளுள் எத்தனை பேர் படிக்க வல்லர் என்பது வேறு செய்தி.

இனித் தேதிக்கு வருவோம். 1948-இல் இஸ்ரேல் தோன்றியது. 1949 சூலை முதல் நாள் கொச்சி அரசு திருவிதாங்கூரோடு இணைந்தது. யூதரைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்த அரசகுடியின் ஆட்சி அத்துடன் முடிந்தது. மலபாரி யூதருட் பலர் சிறு வணிகர். முட்டையும் கோழியும் மீனும் விற்றுப் பிழைத்தோரும் உண்டு. புண்ணிய பூமிக்குத் திரும்பும் நாள் பற்றி அன்றாடம் வழிபாட்டில் வேண்டிவந்த மக்கள் அவர்கள். அந்நாள் வந்துவிட்டதென்றே நம்பினர். சொத்தை விற்றுப் புறப்பட ஆயத்தமாயினர். ஆனால் இஸ்ரேல் அரசு அவர்களை உடனே அழைத்துக் கொள்ளவில்லை! கொச்சியில் யானைக்கால் நோய் மிகுதி என்பதைக் காரணம் காட்டி அந்நாட்டுச் சுகாதாரத் துறையினர் தயங்கினர். காத்திருந்த குடும்பங்கள் இருந்த கையிருப்பையும் கரைத்தன. முடிவில் 1953-க்கும் 1955-க்கும் இடையே ஏறத்தாழ 2,400 பேர் பம்பாய் சென்று விமானம் ஏறினர். ஊர் ஊராகப் பள்ளிகள் பூட்டப்பட்டன. 1955 சனவரியில் மாளையில் இருந்த யூதர் தம் பள்ளியை ஊராட்சி வசம் ஒப்படைத்துச் சென்றனர்.

கேரள மாநிலம் பிறந்ததோ 1956 நவம்பர் முதல் நாள். பொதுவுடைமை அமைச்சரவை வந்தது அதற்கும் ஐந்து திங்கள் கழித்து. ஆதலின் நூற்றுக்கு எண்பது பேருக்கு மேல் வெளியேறிய அந்தப் பெரும் பயணத்துக்கும் செங்கொடிக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. வீடு காலியான பின் வந்த குடித்தனக்காரன்மேல் பழி போடுவது போன்றது நாம் முற்கூறிய விடை.

இதனினும் வியப்பு ஒன்று உண்டு. சென்றோர் இஸ்ரேலில் எங்கே குடியமர்த்தப்பட்டனர்? நெகேவ் பாலை நிலத்தில் நெவாத்திம், எருசலேம் மலைச்சாரலில் மெசிலாத் சியோன், இன்னும் தாவோஸ், அவியேசர் போன்ற ‘மோஷாவ்’ எனப்படும் கூட்டுறவு வேளாண் சிற்றூர்களில். அங்கே நிலம் தனியார்க்குச் சொந்தமன்று. பொது நிலம், குத்தகைக்குத் தரப்படுவது. விதை கொள்வதும் விளைவு விற்பதும் கூட்டுறவின் வழியே. கலப்பை பிடித்தறியாத வணிகக் குடும்பங்கள் அங்கே உழவராயின. சேந்தமங்கலத்தில் பிறந்து 1955-இல் சென்ற எலியாகு பெசலேல் என்பார் பாலையில் மலர் பயிரிட்டுப் பெயர் பெற்று, 2006-இல் இந்திய அரசின் பிரவாசி பாரதிய சம்மான் விருதையும் பெற்றார். பொதுவுடைமைக்கு அஞ்சி ஓடினார்கள் என்று சொல்லப்படும் மக்கள் சென்று சேர்ந்தது நிலத்தில் தனியுடைமை இல்லாத ஊர் என்றால், அக்கதையைச் சொல்வோர் சற்றே நிறுத்தி எண்ண வேண்டாமா?

அப்படியானால் 1957-இல் கேரளத்தில் எஞ்சியிருந்த யூதர் யாவர்? பரதேசிக் குடும்பங்களும், எறணாகுளத்திலும் சுற்றுப்புறத்திலும் தங்கிவிட்ட மலபாரிகளும். எல்லாரையும் சேர்த்தால் சில நூறு பேர். இவர்கள்தாம் செங்கொடி ஆட்சியின் கீழ் வாழ்ந்த யூதர். இவர்கள் நிலையை அறிய, பிற பொதுவுடைமை நாடுகளில் யூதர் வாழ்ந்த நிலையோடு ஒப்பிட்டுப் பார்த்தல் தேவையாகிறது.

சோவியத்து ஒன்றியத்தில் யூதர் சட்டத்தின் முன் சமமானோர். சாரரசர் கால ஒடுக்குமுறையினின்றும் புரட்சி தம்மை விடுவித்ததாக மகிழ்ந்தோர் அவருள் பலர். ஆனால் 1918 முதல் 1930 வரை கட்சியில் இயங்கிய யூதப் பிரிவினரே தம் இனத்தாரின் தொழுகைக் கூடங்களையும் சமயப் பள்ளிகளையும் மூடுவதில் முன்னின்றனர். எபிரேய மொழி கற்பித்தல் பிற்போக்கு எனத் தடுக்கப்பட்டது. சமயம் நீக்கிய இத்திஷ் மொழிக்கு மட்டும் இடம் தரப்பட்டது; 1934-இல் சீன எல்லையருகே பிரோபிசான் என்னும் பகுதி யூதர்க்கெனத் தன்னாட்சி வட்டாரம் ஆக்கப்பட்டது. அங்கே யூதர் ஒருநாளும் பெரும்பான்மை ஆகவில்லை. பின்னர் அந்த இத்திஷ் மொழிக்கும் கேடு வந்தது. 1952 ஆகஸ்டு 12 அன்று மாஸ்கோச் சிறையில் சுட்டுக் கொல்லப்பட்ட 13 யூதருள் ஐவர் இத்திஷ் எழுத்தாளர். ஒரு மொழியின் முன்னணி எழுத்தாளரை ஒரே இரவில் இழப்பதென்றால் என்ன என்பதை மொழிப்பற்றுடைய நம்மவர்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. 1953 சனவரியில் யூத மருத்துவர் தலைவர்களைக் கொல்லச் சதி செய்ததாகப் பொய்வழக்கு எழுந்தது. மார்ச்சு மாதம் ஸ்டாலின் மறைந்ததால் அது கைவிடப்பட்டது. தொழவும் இயலாது, வெளியேறவும் இயலாது என்ற நிலை பின்னும் நெடுங்காலம் நீடித்தது. 1970-களில் கதவு சிறிதே திறந்தது, 1979 ஒரே ஆண்டில் 51,000 பேர் வெளியேறினர், மறுபடியும் மூடியது. விண்ணப்பம் கொடுத்த குற்றத்துக்காக வேலை இழந்தோர் பலர்.

கியூபாவின் நிலை வேறு. 1959 புரட்சிக்கு முன் அங்கே ஏறத்தாழ 15,000 யூதர் இருந்தனர். பெரும்பாலோர் கடை வைத்திருந்தோர். கடைகள் அரசுடைமை ஆனதும் அவர்களிற் பெரும் பகுதியினர் நாட்டைவிட்டு வெளியேறினர். யூதர் என்பதற்காக எவரும் துரத்தவில்லை. வணிகர் என்பதற்காகக் கடை போயிற்று. எஞ்சிய சிலருக்கு அவானா நகரில் யூத விதிப்படி அறுத்த இறைச்சியை அரசே பங்கீட்டில் வழங்கி வந்தது என்பது கேட்க விந்தையாகத் தோன்றும்.

கேரளம் இவ்விரண்டனுள் கியூபாவுக்குச் சற்று அருகில் நிற்கிறது. ஆயின் அதனினும் மிக மென்மையானது. ஏன்? முதலாவது, அது ஒரு மாநில அரசு. அதன் தலைக்குமேல் இந்திய அரசமைப்புச் சட்டமும் உயர்நீதி மன்றமும் மையஅரசும் இருந்தன. மையஅரசு 1959 சூலை 31 அன்று அவ்வமைச்சரவையையே கலைத்தும் காட்டிற்று. அக்கலைப்பு முறையோ அன்றோ என்னும் வழக்கில் ஈண்டு நாம் புகவில்லை. மையஅரசு ஊழியர் அதில் கருத்துரைப்பதும் அழகன்று. இரண்டாவது, அன்றைய கேரள அரசியலில் மோதியவை பெருஞ் சமுதாயங்கள். கல்விச் சட்டத்தை எதிர்த்து எழுந்த ‘விமோசன சமரம்’ கிறித்தவத் திருச்சபையாரும் நாயர் சங்கத்தாரும் முன்னின்று நடத்தியது. வாக்குக் கணக்கில் சில நூறு யூதர் எந்தக் கட்சிக்கும் ஒரு பொருட்டில்லை. எண்ணிக்கை சிறிதாயிருப்பதில் இப்படியும் ஒரு பாதுகாப்பு உண்டு போலும்.

இவ்வேறுபாடு கண்ணாடியில் தெரிவதுபோல் தெளிவாகத் தெரிவது 1968ஆம் ஆண்டில். அவ்வாண்டு மார்ச்சு முதல் போலந்து நாட்டுப் பொதுவுடைமை அரசு, ‘சியோனியர்’ என்று பெயரிட்டுத் தன் யூதக் குடிகளைப் பதவியினின்றும் பல்கலைக்கழகங்களினின்றும் நீக்கியது. நாட்டைவிட்டுச் செல்லுமாறு நெருக்கப்பட்டோர் பதின்மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர். நாசிகளின் வதைமுகாம்களில் தப்பிப் பிழைத்தோரும் அவருள் இருந்தனர். அதே ஆண்டு திசம்பரில் கொச்சியில் நடந்தது என்ன? பரதேசிப் பள்ளியின் நானூறாம் ஆண்டு விழா. பிரதமர் இந்திரா காந்தி அம்மையார் நேரில் வந்து கலந்து கொண்டார். திசம்பர் 15 அன்று நம் அஞ்சல் துறை அப்பள்ளியின் உருவம் பொறித்த 20 காசு அஞ்சல்தலையை வெளியிட்டது. அன்று கேரள முதலமைச்சர் யார்? இரண்டாம் முறை அப்பதவியில் அமர்ந்திருந்த அதே நம்பூதிரிப்பாடு. உலகில் ஒரு செங்கொடி யூதரை விரட்டிக் கொண்டிருந்த ஆண்டில், மற்றொரு செங்கொடியின் கீழ் யூதர் விழாக் கொண்டாடினர். ஒரே கொடியின் பெயரால் ஊருக்கு ஊர் நடப்பது ஒன்றாயிருப்பதில்லை என்பதற்கு இதனைவிட நல்ல சான்று நாம் கண்டதில்லை.

அவ்வாறாயின் நிலம் பற்றிய பேச்சு முற்றும் பொய்யோ? பொய்யன்று. பதவி ஏற்ற ஒரு வாரத்துக்குள் குத்தகை உழவரை வெளியேற்றுவதைத் தடுக்கும் அவசரச் சட்டத்தை முதல் அமைச்சரவை பிறப்பித்தது. பல தடைகளைக் கடந்து 1970 சனவரி முதல் நாள், இந்தியப் பொதுவுடைமைக் கட்சியைச் சேர்ந்த சி. அச்சுத மேனன் முதலமைச்சராக இருந்த காலத்தில், திருத்தப்பட்ட நிலச் சீர்திருத்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. குத்தகைக்காரனே நிலத்துக்கு உரியவன் ஆனான். ஐந்து பேர் வரை உள்ள குடும்பத்துக்கு நில உச்சவரம்பு 12 முதல் 15 ஏக்கர். பரதேசிக் குடும்பங்கள் சிலவற்றுக்குத் தென்னந்தோப்புகளும் வயல்களும் தலைமுறைச் சொத்தாக இருந்தன. பாட்டம் வசூலித்தே வாழ்ந்த வீடுகளும் உண்டு. அவ்வருவாய் நின்றது. கோடர் குடும்பத்தார் கொச்சிக்கு மின்விளக்குத் தந்த நிறுவனத்தை நடத்தியோர். மின்வழங்கலும் காலப்போக்கில் மாநில வாரியத்தின் கைக்குச் சென்றது. ஆனால் இதே சட்டத்தால் நம்பூதிரி இல்லங்களும் நாயர் தறவாடுகளும் தேவசுவங்களும் இழந்த நிலத்தோடு ஒப்பிட்டால் யூதர் இழந்தது கடலில் ஒரு கைப்பிடி நீர். நம்பூதிரிகள் கேரளத்தைவிட்டு எங்கும் போய்விடவில்லை. அவர்தம் பிள்ளைகள் படித்து உத்தியோகம் தேடினர். யூதர்க்கு மட்டும் போவதற்கு ஒரு நாடு இருந்தது. அங்கே உறவினரும் இருந்தனர். இழப்பு எல்லார்க்கும் பொது, போக்கிடம் சிலர்க்கே. நிலச் சட்டம் அவர்களை விரட்டவில்லை. இருக்கச் சொல்லிய காரணங்களுள் ஒன்றைக் குறைத்தது என்பதே எம் கருத்து.

உண்மையில் அச்சமுதாயத்தை வாட்டியது வேறொரு கணக்கு. யூத சமய விதிப்படி பொதுத் தொழுகை நடத்தவும், தோராச் சுருளைத் திறந்து ஓதவும் வயதுவந்த ஆடவர் பதின்மர் வேண்டும். இதனை ‘மின்யான்’ என்பர். ஒன்பது பேர் கூடினால் தனித்தனியே வேண்டிக் கொள்ளலாம். பேழையிலிருந்து சுருளை எடுத்து முறைப்படி ஓத இயலாது. நம் சங்கத்தின் பொதுக்குழுவுக்குப் போதிய உறுப்பினர் சேராவிடில் அரைமணி நேரம் ஒத்திவைத்து அதே இடத்தில் மறுபடி கூடி அனைத்தையும் நிறைவேற்றி விடுகிறோம். யூத விதியில் அந்த வசதி இல்லை. கொச்சியில் குருமார் என்று தனியே எக்காலத்தும் இருந்ததில்லை. ஊர்ப் பெரியோரே ஓதி நடத்தினர். அப்பெரியோர் ஒருவர் பின் ஒருவராகச் சென்றபோது அவர் அறிவும் உடன் சென்றது. விதிப்படி அறுக்கத் தெரிந்தவர் இல்லாத ஊரில் இறைச்சி இல்லை. மணம் செய்துகொள்ள மாப்பிள்ளையும் பெண்ணும் உறவல்லாத வீட்டில் இல்லை. எந்த அரசும் இதில் செய்யக்கூடியது ஒன்றுமில்லை.

இந்தப் பத்து என்னும் எண்ணைப் பற்றிப் பேசும்போது, அச்சமுதாயத்தின் உள்ளே இருந்த கறையையும் மறைத்தல் ஆகாது. பரதேசிகள் மலபாரிகளைத் தம் மின்யானில் சேர்ப்பதில்லை. பரதேசி வீடுகளில் அடிமைகளாயிருந்து விடுதலை பெற்றோர் வழியினரைப் பள்ளியினுள் இருக்கையில் அமரவும் விடுவதில்லை. தோராவை ஓத அழைப்பதுமில்லை. நம் ஊர்க் கோயில் வாசல்களின் பழைய நிலையை அறிந்தவர்க்கு இது புதிதாகத் தோன்றாது. இதனை எதிர்த்து எழுந்தவர் ஆபிரகாம் பராக் சேலம். (இச்சேலம் நம் மாங்கனி ஊர் அன்று, எருசலேமின் பழம்பெயர்.) 1882-இல் பிறந்து, சட்டம் பயின்று வழக்கறிஞரான இவர், 1929 இலாகூர்க் காங்கிரசுக்குச் சென்று வந்தவர், படகோட்டிகளின் தொழிற்சங்க முயற்சிக்குத் துணை நின்றவர், கொச்சிச் சட்டமன்றத்தில் இருமுறை உறுப்பினர். காந்தியடிகளின் சத்தியாக்கிரக முறையைத் தம் பள்ளியினுள்ளேயே கையாண்டார். ஆட்களைத் திரட்டிச் சென்று விலக்கப்பட்ட இருக்கைகளில் அமர்ந்தார். உரிமைகள் சிறிது சிறிதாகக் கிடைத்தன. எனினும் 1950-இல் அவர் மகன் பரதேசிக் குடும்பப் பெண்ணை மணந்தபோது அத்திருமணம் கொச்சியில் அன்றிப் பம்பாயில் நடைபெற வேண்டியதாயிற்று. 1953-இல் இஸ்ரேல் சென்று தம் மக்களின் குடியேற்றத்துக்காகப் பேசி வந்தவரும் இவரே. எல்லாரையும் அனுப்பிவிட்டுத் தாம் கொச்சியிலேயே தங்கி, 1967-இல் மறைந்தார். அவரை உள்ளே அமர விடாத பள்ளி நிற்கும் தெருவுக்கு இன்று அவர் பெயர்.

அவர் மறைந்த சில ஆண்டுகளில் மற்றொரு செய்தி நிகழ்ந்தது. பரதேசிப் பள்ளியில் பதின்மர் கூடுவது அரிதாயிற்று. அப்போது எறணாகுளத்து மலபாரி ஆடவரை அழைத்தனர்; சுற்றுலா வந்த வெளிநாட்டு யூதரையும் வழிமறித்து அழைத்தனர். நானூறு ஆண்டு நிலைத்த வேற்றுமையை உடைத்தது சீர்திருத்தம் பாதி, ஆள் இன்மை பாதி. சமத்துவம் பேசிய அரசு கூடச் சட்டம் போட்டுச் செய்திருக்க முடியாத செயல் இது.

பெண்டிர் மின்யான் கணக்கில் சேரார். ஆயினும் அச்சமுதாயத்தின் மொழிச் செல்வத்தைக் காத்தவர் அவர்களே. யூத மலையாளப் பாடல்களைக் கையேடுகளில் எழுதி வைத்து, திருமணங்களிலும் திருவிழாக்களிலும் பாடி வந்தனர். இஸ்ரேல் சென்றபோதும் துணிமணிகளோடு அக்கையேடுகளையும் எடுத்துச் சென்றனர். அவற்றை ஒப்பிட்டுப் பாடம் கண்டு அறிஞர் பிற்காலத்தில் பதிப்பித்துள்ளனர். கொச்சியில் எழுத்தராகப் பணிபுரிந்து, இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இந்தியக் கடற்படையின் மகளிர் பிரிவில் சேர்ந்த ரூபி தானியேல் என்பார், 1951-இல் இஸ்ரேல் சென்று நெயோத் மொர்தெகாய் என்னும் கிப்புத்சில் சேர்ந்தார். அது சமயச் சடங்குகளில் நாட்டமில்லாத, யாவும் பொதுவென வாழும் சமதர்மக் குடியிருப்பு. கொச்சிப் பள்ளியின் ஒவ்வொரு விழாவையும் நினைவிலிருந்து நூலாக எழுதித் தந்தவர் அக்குடியிருப்பில் வாழ்ந்த இவ்வம்மையாரே.

பரதேசிகளின் எண்ணிக்கை ஆண்டுதோறும் குறைந்தது. 2019-இல் சாரா கோகன் அம்மையார் 96ஆம் அகவையில் மறைந்தார். யூதர் தெருவில் அவர் நடத்திய பூவேலைக் கடையைக் காத்து, அவரையும் முதுமையில் பேணியது ஒரு முஸ்லிம் குடும்பம். 2024 ஆகஸ்டில், பள்ளியின் காப்பாளராயிருந்த குவீனி கல்லேகுவா அம்மையாரும் மறைந்தார். எறணாகுளத்துக் கடவும்பாகம் பள்ளியின் முன்புறத்தில் மீன்தொட்டிகளும் செடிகளும் விற்கும் கடை ஒன்று நடந்து வந்தது. கடையைக் கடந்து உள்ளே சென்றால் பள்ளி. மட்டாஞ்சேரிக் கடவும்பாகம் பள்ளியின் மரவேலைகளோ பெயர்த்தெடுக்கப்பட்டு எருசலேம் அருங்காட்சியகத்தில் நிறுவப்பட்டுள்ளன.

பிற பள்ளிகள் என்னாயின? இங்கேதான் கதை மீண்டும் அரசிடம் வருகிறது. 2006-க்குப் பின் வந்த இடது ஜனநாயக முன்னணி ஆட்சியில் முசிறி மரபுத் திட்டம் உருப்பெற்றது. அடுத்து வந்த ஆட்சியும் அதனைத் தொடர்ந்தது. பட்டணம் என்னும் ஊரில் 2007 முதல் அகழ்வாய்வு நடந்தது. அத்திட்டத்தின் கீழ்ப் பறவூர்ப் பள்ளி பழுது நீக்கி அருங்காட்சியகம் ஆக்கப்பட்டது. சோவியத்து நாட்டில் தொழுகைக் கூடங்களைக் கிடங்குகளாகவும் மன்றங்களாகவும் மாற்றியது கட்சி. கேரளத்தில் தொழுவார் இல்லாக் கூடத்துக்கு ஓடு மாற்றி, வண்ணம் பூசி, காவலாள் வைத்தது அரசு. தூணும் மேடையும் பெண்டிர் மாடமும் பழுதின்றி உள்ளன. தோராச் சுருள் மட்டும் இல்லை.

சேந்தமங்கலத்துப் பள்ளியும் அவ்வாறே செப்பமிடப்பட்டுள்ளது. கோயில், மசூதி, மாதாகோயில், யூதப் பள்ளி நான்கும் நடந்து செல்லும் தொலைவுக்குள் அமைந்த ஊர் அது. பள்ளியின் முற்றத்தில் ஒரு கல் நடப்பட்டுள்ளது. இஸ்ரவேல் மகள் சாரா என்னும் பெண்ணின் கல்லறைக் கல், ஆண்டு கி.பி. 1269. இந்தியாவில் கிடைத்த எபிரேயக் கல்வெட்டுகளுள் இதுவே பழமையானது என்பர். பாண்டிய நாட்டில் மாறவர்மன் குலசேகரன் முடிசூடி ஓராண்டு கழித்துப் பொறித்த எழுத்து. மழைக்காலத்தில் பாசி படரும்போது அருங்காட்சியகப் பணியாளர் வந்து துடைத்து விடுகின்றனர்.